தூணில் கட்டிய சைக்கிள்

சைக்கிள் கடையில் வேலை பார்ப்பவனுக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. மழைதான் அவனை உட்கார வைக்கும். கரிசல் சேற்றில் சைக்கிளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோவில்பட்டியில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் அப்போது நான் மெக்கானிக். இதில் கடைசியாக வருவதை நான் நேரில் பார்க்கவில்லை. நம்புவதா வேண்டாமா என்று பல வருஷம் மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஐம்பது தாண்டியும் அந்தச் சந்தேகம் போகவில்லை.

ஏறி வந்தது யார்?

ஐப்பசி மழை ஒன்று விழுந்தால் போதும், கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு மட்கார்டை அடைத்துவிடும். அப்புறம் சைக்கிளை உருட்டக்கூட முடியாது. இடைசெவல் பக்கம் போன ஒருவர் எங்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். சைக்கிள் எது, ஆள் எது என்று தெரியாத அளவுக்குச் சேறு. வாடகை கேட்டேன். இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஏறி வந்தது அதுதான் அண்ணாச்சி, வாடகைய அதுகிட்டயே கேளுங்க."

போகாத ஊருக்குப் பயணம்

பொங்கலுக்கு எங்கள் ஊரில் சைக்கிள் பந்தயம் உண்டு. அந்த வருஷம் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர், கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய் வீடுகளுக்குத் தீக்குச்சியும் அதை அடுக்குகிற கட்டையும் கொடுத்து வர ஓர் ஆள் வேண்டும், பந்தயத்தைப் பார்த்து எடுப்பேன் என்று சொல்லியிருந்தார். மாசச் சம்பளம். மானாவாரிக் காட்டை நம்பிக் காய்ந்துகொண்டிருந்த என் கூட்டாளி பொன்னுச்சாமி அந்த வேலைக்காகத் தவியாய்த் தவித்தான். ஆனால் பழக வேண்டிய இரண்டு மாசமும் மழை.

ஆகவே கடைக்குள்ளேயே பழகினான். பின்ஸ்டாண்டைப் போட்டு, சக்கரத்தைத் தூக்கி, பாரம் தெரிவதற்காகப் பிரேக்கை இறுக்கி வைத்தேன். வேகமாக மிதித்தபோது சைக்கிள் ஆடியது. ஹாண்டில்பாரைத் தூணோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். குனிந்த தலை நிமிராமல் மிதிப்பான். ரப்பர் கருகும் வாடை தெருவரைக்கும் அடிக்கும். மழைக்கு ஒதுங்கிய பெரியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னார்: "ரொம்ப நேரமாப் போறீய தம்பி, ஊரு வந்ததும் சொல்லுங்க, நானும் எறங்கிக்கிடுதேன்."

தேய்மானம்

கடை முதலாளி அந்தோணி அண்ணாச்சி இதையெல்லாம் தடுக்கவில்லை. கார்த்திகை முடிவதற்குள் இரண்டு தடவை பிரேக் கட்டை மாற்றினேன். தேய்ந்ததை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வண்டி வாசலத் தாண்டல, அதுக்குள்ள கட்டை மதுரைக்குப் போயிட்டு வந்திருக்கு."

நேராகப் போனவன்

பந்தயத்தன்று கடையில் கூட்டம், நான் போகவில்லை. நடந்ததைப் பொன்னுச்சாமிதான் வந்து சொன்னான். ஆரம்பத்தில் எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டானாம். முதல் வளைவு வந்தது. இரண்டு மாசம் ஹாண்டில்பாரைத் திருப்பாத கை, அன்றும் திருப்பவில்லை. நேராகப் பருத்திக்காட்டில் இறங்கிவிட்டான்.

முந்தின நாள் பெய்த மழையில் காடு சொதசொதவென்று கிடந்தது. முன்சக்கரம் செடிகளுக்கு நடுவே சிக்கி நிற்க, பந்தயத்துக்காக மட்கார்டைக் கழற்றியிருந்த பின்சக்கரம் சேற்றைக் கடைந்தபடி நின்ற இடத்திலேயே சுழன்றதாம். கடைக்குள் மிதித்துப் பழகியவனுக்கு நிற்கிறோம் என்பதே தெரியவில்லையாம். குனிந்த தலை நிமிராமல் மிதித்துக்கொண்டே இருந்தானாம். மற்றவர்கள் தாண்டிப் போனதுகூடத் தெரியாதாம். பின்னால் காரில் வந்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வரப்பில் நின்று பார்த்தாராம். ஜெயித்தவனை விட்டுவிட்டு வேலையை இவனுக்குக் கொடுத்தார். அதற்கு அவர் சொன்ன காரணம்: "ரோட்டுல எவனும் ஓட்டிருவான், சேத்துலயும் காலை நிறுத்தாதவன்தான் நம்ம சோலிக்கு ஆவான்."

இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தான். கதையையும் மாற்றாமல் சொல்லி வந்தான். எனக்குத்தான் ஓர் இடம் உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாசம் டீக்கடையில் தனியாகச் சிக்கினான், கேட்டுவிட்டேன்:

"ஏலே பொன்னுச்சாமி, தலையே நிமிரலங்குற, மொதலாளி வேட்டியத் தூக்கிட்டு நின்னாருங்குற, நெசத்தச் சொல்லு, நீ மிதிக்க ஆரம்பிச்சது காட்டுல எறங்குனதுமா, அவரு காரு வந்து நின்ன பெறகா?"