நீர்க்க வைத்தால் திரளும்

கூடலூரில் நான் டெக்னீஷியனாக இருக்கும் லேபில் காலைக் கூட்டம் ஜீப் நேரத்தைப் பொறுத்தது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் ரத்தம் கொடுத்துவிட்டு, ஜீப் கிளம்புமுன் ரிப்போர்ட் கேட்பார்கள். கிளம்பிவிட்டால் வாங்க வரமாட்டார்கள். காலை முழுக்க நின்றபடிதான் எனக்கு வேலை.

அன்று செல்வி என்ற கர்ப்பிணி மாமியாரோடு வந்திருந்தாள். அவளுடைய முதல் குழந்தை இறந்தே பிறந்தது.

"ஏப்பா, ரத்தத்த வச்சுக் கொழம்பா காச்சுற? ஜீப்புக்காரன் ஆரன் அடிச்சே சாவுறான்" என்றார் மாமியார்.

"ரொட்டேட்டர் சுத்தி நிக்கணும்மா."

அவளுக்கு எழுதியிருந்த ஆர்.பி.ஆர். என்பது, பாலுறவில் தொற்றி வயிற்றுப் பிள்ளையையும் கொல்லக்கூடிய சிபிலிஸுக்காகக் கர்ப்பிணிகளுக்குச் செய்யும் பரிசோதனை. கரித்தூள் கலந்த ஆன்டிஜெனைக் கார்டில், ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தோடு சேர்த்து ரொட்டேட்டரில் சுற்றவிடுவோம். சீரத்தில் நோய்க்கு எதிராக உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி இருந்தால் இரண்டும் பிணைந்து கருப்புத் திட்டாகத் திரளும். செல்வியின் கார்டில் திட்டு இல்லை. ஆனால் வழவழப்பாகவும் இல்லை, லேசாகச் சொரசொரத்தது. நெகட்டிவ் என்று எழுதினால் அவர்கள் கிளம்புவார்கள், நானும் சற்று உட்காரலாம்.

செல்வியை அனுப்பிய டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மொதப் பிள்ள அப்பிடிப் போயிருக்கு தம்பி. டைலூட் பண்ணிப் பாத்துட்டு எழுதுங்க."

என் அப்பா ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தல் கட்டுபவர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். ஆன்டிபாடி மிதமிஞ்சினாலும் திரளாது என்ற பாடம் கல்லூரியில் அவர் வேலையை நினைத்த பிறகே விளங்கியது. ஆன்டிஜென் கல்தூண் என்றால், ஆன்டிபாடி இரண்டு முனையுள்ள கம்பி. அளவாக இருந்தால் தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டிப் பந்தலாகிவிடும். கம்பி மிதமிஞ்சினால் ஒவ்வொரு தூணையும் கம்பிகளே மொய்த்துக்கொள்ளும். மறுமுனை கட்ட இடமில்லாமல் தொங்கும். பந்தல் இல்லை, கார்டில் திட்டும் இல்லை. சலைன் என்ற உப்புநீரை விட்டுச் சீரத்தை நீர்க்க வைத்தால் கம்பி குறைந்து அளவுக்கு வரும்.

மறுபடி சுற்றவிட்டேன். வெளியே ஜீப் கிளம்பிய சத்தம்.

"போச்சு! இப்ப உனக்குச் சந்தோசமா?" என்றார் மாமியார். கார்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

நீர்க்க வைத்த சீரத்தில் கருப்பாகத் திரண்டிருந்தது.

மாமியாரிடம் எதுவும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு ஒட்டி, டாக்டரம்மாவிடம் காட்டச் சொல்லிச் செல்வி கையில் கொடுத்தேன். சிபிலிஸ்தான் என்று இன்னொரு பரிசோதனையிலும் உறுதியானது. அவளுக்கும் கணவருக்கும் ஊசி போட்டார்கள்.

புதிதாக வருபவர்களுக்குச் சொல்வது இதுதான்: திட்டு இல்லாததாலேயே ஆன்டிபாடி இல்லை என்றாகாது. சந்தேகமிருந்தால் நீர்க்க வைத்துப் பாருங்கள், வெளியே யார் கத்தினாலும்.

சில மாதம் கழித்து அதே மாமியார், வீறிட்டு அழும் பேத்தியோடு வந்தார். குழந்தைக்கும் பரிசோதனை எழுதியிருந்தது.

"ஜீப்ப போகச் சொல்லிட்டேன்ப்பா. நீ நிதானமாப் பாரு."

அவருக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது.