சுடட்டுங்களா என்று கேட்டுச் சுட்டவர்கள்

சண்டை போடுகிறவர்களுக்குத் துப்பாக்கி போதும், சண்டையைப் பார்த்துக்கொள்கிறவளுக்குத்தான் தொண்டை வேண்டும் என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

சாமளாபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. அதற்குள் பழைய டயர்கள், காலி டிரம்கள், மணல் மூட்டைகள். திருப்பூர் பனியன் கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்குத் தலைமைப் பண்பு வரட்டும் என்று வேனில் ஏற்றி இங்கே அனுப்பிவைக்கும். இரண்டு அணியாகப் பிரிந்து, பெயின்ட் அடைத்த உருண்டைகளைத் துப்பாக்கியில் போட்டு ஒருவரையொருவர் சுட வேண்டும். உருண்டை மேலே பட்டு உடைந்தால் அவுட். நடுவர் ‘அவுட்’ சொன்னதும் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். நடத்துகிறவர் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா, மூலனூர்க்காரர். நான் நடுவர்.

பேருந்தில் ‘இறங்கணும்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற கூட்டம் ஒன்று இருக்கிறதல்லவா? நம் கூட்டம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பி.காம். முடித்த நான் இந்த வேலையைப் பிடித்ததற்கு ஒரே காரணம், நாளெல்லாம் முகமூடி போட்டுக்கொள்ளலாம் என்பதுதான். ஆனால் சேர்ந்த அன்றே சுபேதார் ஐயா விசிலைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். “விசிலு ஆட்டத்த நிறுத்தறதுக்குக் கண்ணு. ஆள நிறுத்தறதுக்கு வாய் வேணும். ஒரு மாசம் பாக்கறேன். நீ ‘அவுட்’டுன்னு சொல்றது அந்தக் கடேசித் தென்னைக்குக் கேக்கோணும்.”

கேட்காவிட்டால் வேலை போய்விடும். வேலை போனால், பெரியப்பாவின் கம்பெனியில் ஒரு மேஜையும் மூன்று தொலைபேசிகளும் எனக்காகக் காத்திருந்தன. மூன்று என்பதைக் கவனியுங்கள்.

அனுமதி பெற்ற தாக்குதல்

முதல் வாரம். வயதான கட்டிங் மாஸ்டர் ஒருவர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எதிரணியைச் சேர்ந்த, ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் தம்பி ஓசைப்படாமல் வந்து, நாலடி தூரத்தில் நின்று குறி பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

“ஏனுங்க மாஸ்டர், சுடட்டுங்களா?”

“ஒரு நிமிசமிருங்க, எந்திரிச்சுக்கறேன். எங்கீங்க சுடப் போறீங்க?”

“தோள்லதானுங்க.”

“எடது தோள்ல சுடுங்க. வலது கையில நாளைக்கு கட்டிங் இருக்குது.”

அவன் சுற்றி வந்து இடது தோளில் சுட்டான். வலித்ததா என்றும் விசாரித்தான். நான் ‘அவுட்’ என்றேன். அது என் முகமூடிக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு அடங்கியது. மாஸ்டர் காதில் விழாததால், அவர் நிம்மதியாகத் தொடர்ந்து ஆடி, மெர்ச்சண்டைசர் தம்பி உட்பட மூன்று பேரை வீழ்த்தினார். வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சுபேதார் ஐயா பெருமூச்சு விட்டார். “அத்தன வருசம் சர்வீஸு போட்டேன் கண்ணு, எனக்கு இப்பிடி ஒரு எதிரி அமையலியே.”

வெள்ளைக் கொடி

இன்னொரு நாள் நான்கு பேர் மணல் மூட்டைக்குப் பின்னால் வசமாக மாட்டிக்கொண்டார்கள். உருண்டைகளும் தீர்ந்துவிட்டன. ஒருவர் பையிலிருந்த பனியன் வேஸ்ட் துணியை ஒரு குச்சியில் கட்டி உயர்த்தினார். எதிரணித் தலைவர், அவர்கள் கம்பெனியின் குவாலிட்டி மேனேஜர். சுடுவதை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டு, மெதுவாக நடந்து போய்க் கொடியை வாங்கினார்.

வெயிலில் பிடித்துப் பார்த்தார். நிழலில் பிடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் இழுத்து விட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வேன் டிரைவரைக் கூப்பிட்டு, அவருடைய வெள்ளைச் சட்டையோடு ஒட்டி வைத்து ஒப்பிட்டார். அதுவரை நான்கு பேரும் தூக்கிய கையை இறக்கவில்லை. சரணடைந்தது செல்லும் என்று அறிவிக்க வேண்டியவள் நான். வாயைத் திறந்தேன், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், மூடிவிட்டேன். மேனேஜர் கொடியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “இது ஆஃப் ஒயிட்டுங்க. இத அப்ரூவல் பண்ண முடியாது. நீங்க சண்டையத் தொடருங்க.”

முன்னால் போன தலைவர்கள்

ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் சுபேதார் ஐயா ஐந்து நிமிடம் பேசுவார். தலைவன் என்றால் முன்னால் போக வேண்டும், படை தானாகப் பின்னால் வரும் என்பது அதன் சாரம். மூன்றாவது வாரம் வந்த கம்பெனியில் பிரிண்டிங் சூப்பர்வைசர் ஓர் அணிக்கும், பேக்கிங் சூப்பர்வைசர் இன்னோர் அணிக்கும் தலைவர்கள். இருவரும் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, துப்பாக்கியை உயர்த்தி, திரும்பியே பார்க்காமல் முன்னேறினார்கள்.

அப்போது மணி பதினொன்று. பனியன் கம்பெனியில் வேலை பார்த்த உடம்புக்குப் பதினொரு மணி என்றால் டீ. அதை எந்தத் தளபதியாலும் மாற்ற முடியாது. வாசலில் டீ கேன் வந்து இறங்கிய சத்தம் கேட்டதும், இரண்டு படைகளும் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றாகவே நடந்துபோய்விட்டன. தோப்பின் நடுவே தலைவர்கள் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தார்கள்.

“உங்க ஆளுங்க எங்கீங்க?”

“டீக்குப் போயிட்டாங்களாட்டம் இருக்குதுங்க. உங்களாளுங்க?”

“அவிங்களும் அங்கதானுங்க. போண்டா வேற வந்திருக்குது.”

துப்பாக்கிகளை டயரில் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் வேகமாக வாசலுக்கு நடந்தார்கள். சுபேதார் ஐயா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தன் டம்ளரை ஊதிக்கொண்டே சொன்னார்: “பனிமலையில காவலுக்கு நின்னப்ப, எதிர்ப்பக்கத்துல அவிங்க டீ வெக்கற பொகை தெரியும் கண்ணு. அதப் பாத்துத்தான் நாங்களும் அடுப்பு மூட்டுவோம்.”

எம்.டி. மார்பில் ஒரு மஞ்சள் பொட்டு

மாதத்தின் கடைசி நாள். ‘அவுட்’ இன்னும் மூன்றாவது தென்னையைத் தாண்டவில்லை. அன்று வந்த கம்பெனியின் எம்.டி.யே ஓர் அணியின் தலைவராக இறங்கினார். எதிரணி முழுக்க அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர் வருகிற பக்கமெல்லாம் துப்பாக்கிகள் தரையைப் பார்த்தன. “வாங்க சார்” என்று வழிவிட்டார்கள். சிலர் சுடப்படுவதற்கு வசதியாகத் திரும்பி நின்றார்கள். அவர் காலை நடை போவதுபோல் நடந்து ஆறு பேரைச் சுட்டார்.

டிரம்முக்குப் பின்னால் இருந்து ‘டப்’பென்று ஒரு சத்தம். எம்.டி.யின் மார்பில் மஞ்சள் பெயின்ட் வழிந்தது. சுட்டது செக்கிங் பிரிவுச் செல்வி அக்கா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். “ஐயோ, நான் கண்ண மூடிட்டுல்லா சுட்டேன்” என்று துப்பாக்கியைக் கீழே போட்டார்.

எம்.டி. கைக்குட்டையால் துடைத்தார். “இது எங்கயோ பட்டுத் தெறிச்சதுங்க.”

“ஆமாங்க சார், தெறிச்சதுதானுங்க” என்றார் ஒருவர்.

“குருவி எச்சமாட்டம் இருக்குதுங்க சார்” என்றார் ஹெச்.ஆர்.

துடைத்தாலும் அவுட்தான், விதி அதுதான். சுபேதார் ஐயா வரப்பில் கைகட்டி நின்றார். விசில் பக்கமே கை போகவில்லை. செல்வி அக்கா ஏதோ திருடிவிட்டவரைப் போல நின்றார். சரியாகச் சுட்டவர் அவர் ஒருவர்தான். எனக்குள் மூன்று தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் மணி அடித்தன. முதலில் சொன்ன ‘அவுட்’ வெளியே போகாமல், அதன் மூச்சில் என் முகமூடிக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. யாரும் என்னைப் பார்க்கிற மாதிரியும் தெரியவில்லை. அதுவே வசதியாகிவிட்டது.

“சார், நீங்க அவுட்டுங்க. வெளிய போங்க.”

கண்ணாடி தெளிந்தபோது, தோப்பின் மறுகோடியில் இருந்து காக்கைகள் எழுந்து பறந்துகொண்டிருந்தன. எம்.டி. என்னைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார், பிறகு பள்ளிக்கூடப் பையனைப் போலக் கையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். போகிற வழியில் செல்வி அக்காவிடம் நின்றார். “கண்ண மூடிட்டு இவ்வளவு சரியா அடிக்கறீங்க, கண்ணத் தொறந்து வெச்சுட்டுப் போன வாரம் பத்துப் பீஸுல ஓட்டைய உட்டுட்டீங்களேம்மா?”

செல்வி அக்காவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. எனக்கு உயிர் வரச் சுபேதார் ஐயா வரப்பிலிருந்து இறங்கி வர வேண்டியிருந்தது. “கடேசித் தென்ன வரைக்குந்தான் கேட்டேன் கண்ணு. நீ சாமளாபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிப்போட்ட.”

இப்போதெல்லாம் பேருந்தில் என் நிறுத்தத்திலேயே சரியாக இறங்கிவிடுகிறேன். என்ன, ‘இறங்கணும்’ என்பதற்குப் பதிலாக வாய் பழகிப்போன வார்த்தையைச் சொல்லிவிடுவதால், எனக்கு முன்னால் நடத்துநர் ஒருமுறை இறங்கிவிட்டு ஏறுகிறார்.