பிடுங்கிப் பார்த்த முள்ளங்கி

என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையாக வரும் சாமான்களில் ஒன்றை எடுத்து, அளந்து, திரும்ப வைப்பதுதான் வேலை. அதே கையோடு மைசூரு வீட்டின் பின்பக்கம் முள்ளங்கி போட்டார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

செடி நாலு இலை விட்டதும் பரிசோதனை தொடங்கிவிட்டது. தினமும் காபி குடித்த கையோடு பாத்திக்குப் போவார். நாலைந்தைப் பிடுங்குவார், வேரை ஸ்கேல் வைத்து அளப்பார், மறுபடி நட்டு மண்ணைத் தட்டிவிடுவார்.

"அதை நிம்மதியா வளர விடுங்களேன்! உங்களைத் தினம் கட்டிலோட தூக்கி எடை போட்டா நீங்க தேறுவீங்களா?" என்றேன்.

"ஸ்வல்ப சும்மா இரு. செக் பண்ணாம எப்படி அனுப்புறது?"

எங்கே அனுப்புகிறாராம்? சமையலறைக்கு!

அதோடு விட்டாரா? எங்கள் பெண்ணைக் கொடுத்திருக்கும் கொள்ளேகால் சம்பந்திக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து முள்ளங்கி சாம்பார் சாப்பிட வரச்சொல்லிவிட்டார். சம்பந்தி பரம்பரை விவசாயி. "ஃபேக்டரிக்காரருக்கு மண்ணு ஒட்டாதுங்க" என்று கல்யாணத்தில் அவர் சிரித்தது இவருக்கு இன்னும் ஆறவில்லை.

ஞாயிறு காலை பாத்தி முழுவதையும் பிடுங்கினார். சாணமும் தண்ணீரும் தாராளமாகப் போட்டதில் இலை ஜோராக இருந்தது. கீழே வெறும் எலிவால். மனுஷர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாகப் போயிற்று. அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

இலையை எல்லாம் அள்ளி, தேங்காய் போட்டுப் பொரியல் செய்தேன். சாம்பாரில் முருங்கைக்காய்.

"முள்ளங்கின்னு சொன்னாருங்களே?" என்றார் சம்பந்தி.

"கீரைக்குன்னே போட்டதுங்க" என்றேன், கூசாமல்.

இவருக்கு உயிர் வந்துவிட்டது. வாயையாவது மூடிக்கொண்டு இருந்தாரா? "ஆமாங்க, இலையிலதான் சத்து. அதனால வேர் பெருக்கவே விடலை. தினம் பிடுங்கிப் பிடுங்கி வெச்சேன். அது ஒரு டெக்னிக்" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

சம்பந்தியின் கை வாழையிலையிலேயே நின்றது. பிறகு, "இன்னுங் கொஞ்சம் கீரை வைங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

கிளம்பும்போது சம்பந்தி இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்தவாட்டி முள்ளங்கிய நான் கொண்டாரனுங்க. கீரைய நீங்க பாத்துக்குங்க."

கார் தெருமுனை திரும்பியதும் இவர் என்னைப் பார்த்தார். "பார்த்தியா? எப்பேர்ப்பட்ட விவசாயி! கீரைக்கு நம்மளைத்தான் நம்பியிருக்கார்." முகத்தில் அத்தனை சந்தோஷம்.

புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆமாங்க" என்றேன்.