களிமண் லாரிகள் இரண்டு

விருத்தாசலத்தில் நான் லாரி ஓட்டத் தொடங்கியபோது பீங்கான் சூளைகள் ஓயாமல் புகைந்துகொண்டிருந்தன. ஜாடி, பொம்மை, கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைக் குமிழ் என்று ஒவ்வொரு பட்டறையிலும் ஒவ்வொன்று செய்தார்கள். எல்லாவற்றுக்கும் களிமண் வேண்டும். மந்தாரக்குப்பத்துக்கு அப்பால் மலைபோலக் கிடந்த மண்ணை ஏற்றிவந்து பட்டறை வாசல்களில் கொட்டுவதுதான் என் வேலை. அறுபதுகளின் பின்பாதியும் எழுபதுகளில் பெரும்பகுதியும் எனக்கு அந்தச் சாலையிலேயே கழிந்தன.

என் லாரி முதலாளியிடம் அப்போது இருந்தது ஒரே லாரிதான். உலகச் சண்டை முடிந்த பிறகு பட்டாளத்தில் ஏலம் விட்ட வண்டி. நீண்ட மூக்கு, பின்னால் இரண்டு அச்சு, ரயில் தண்டவாளம் மாதிரி தடித்த அடிச்சட்டம். எங்கே விரிசல் கண்டாலும் அங்கே ஓர் இரும்புத் துண்டை வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பக் கை மட்டும் போதாது, தோளையும் கொடுக்க வேண்டும். கிளட்ச்சை மிதித்து மிதித்துச் சாயங்காலத்தில் இடது முழங்கால் மடங்காது. வீட்டுக்குப் போனதும் சுவரோரம் சாய்ந்துவிடுவேன். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து போவதற்கே அலுப்பாக இருக்கும். என் மனைவி தட்டை நான் இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

எழுபதுகள் பிறந்த கொஞ்ச காலத்தில் முதலாளி புது டீசல் லாரி ஒன்று எடுத்தார். அதை ஓட்டும் வேலையும் எனக்கே கொடுத்தார். முதல்நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது வண்டி என் பேச்சைக் கேட்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. பழைய வண்டியை வேறொருவன் எடுத்துக்கொண்டான். என்னைவிட வயதில் சிறியவன், நல்ல உடம்பு. அவனுக்கு அது பெரிய பாரமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வண்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் பாய்க்குப் புது லாரி பிடிக்கவில்லை. வெறும் தகரம், கனமே இல்லை, மண்ணைத் தாங்காது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டே இருந்தார். முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு வண்டியையும் வெறுமையாகவே நிறுத்துப் பார்த்துவிடுவோம் என்றார். ஒருநாள் காலையில் கரும்பு லாரிகள் நிறுக்கிற எடைமேடைக்கு இரண்டையும் ஓட்டிப் போனோம். பழைய வண்டி ஏறியதும் மேடை ஒரு முனகு முனகியது. பிறகு புதியதை ஏற்றினேன். பாய் சொன்னது ஒரு பாதி சரி. அளவில் பெரியதாக இருந்தும் புது வண்டிதான் எடை குறைவு. ஆனால் அது தாங்கக்கூடிய பாரம் பழையதைப்போல் இரண்டு பங்கு என்று கம்பெனிக்காரர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

பாய் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். முதலாளி சிரித்தார்.

"பழைய வண்டி தன் கனத்தையே இழுத்துக்கிட்டு இருந்திருக்குது பாய். இனிமே அத்தனையும் மண்ணா ஏத்திடலாம்."

அதைக் கேட்டு நானும்தான் சிரித்தேன். யார் ஏற்றுவது என்று அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மண் ஏற்றுகிறவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள். ஆண்கள் மண்ணை வெட்டி இரும்புச் சட்டியில் நிரப்பித் தூக்கிவிடுவார்கள். பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, வண்டியில் சாய்த்த பலகைமேல் ஏறிப்போய்க் கொட்டுவார்கள். புது வண்டி உயரம். பக்கப் பலகையும் உயரம். அதனால் ஏறுபலகை செங்குத்தாக நின்றது. மழை பெய்த மறுநாள் களிமண் ஈயம் மாதிரி கனக்கும். பலகையோ வழுக்கும். ஆள் மட்டும் அதே ஆள்தான், ஒரு லாரி நடைக்குக் கிடைக்கிற கூலியும் அதேதான்.

அந்தப் பெண்களில் கொஞ்சம் வாய் உள்ளவள் ஒருத்தி. ஒருநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு என் கதவருகே வந்து நின்றாள்.

"டிரைவரே, பழைய வண்டின்னா ரெண்டு நட ஏத்திட்டு மத்தியானமே கஞ்சி குடிப்போம். இப்ப ஒரு நட ஏத்தறதுக்குள்ளயே கஞ்சி புளிச்சுப் போவுது. மொதலாளி கிட்ட நீங்க சொன்னா கேப்பாரு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன். முதலாளி மண்ணின் கணக்கைப் பேசினார், பட்டறைகளின் அவசரத்தைப் பேசினார், கடைசியில் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் வற்புறுத்த எனக்குத் தெம்பில்லை. புது வண்டி என் கையைவிட்டுப் போகக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது.

ஐப்பசி மழைக்காலத்தில் அது நடந்தது. வண்டி பாதி நிரம்பியிருந்தது. நான் முன்னால் உட்கார்ந்து கண்ணயர்ந்திருந்தேன். பின்னால் சட்டி விழுந்து உருளும் சத்தம் கேட்டு இறங்கி ஓடினேன். அந்த வாய்க்காரியின் நாத்தனார் பலகையிலிருந்து வழுக்கிக் கீழே கிடந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. மண் கொட்டிப்போச்சே, மண் கொட்டிப்போச்சே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளையும் அண்ணியையும் முன்னால் ஏற்றிக்கொண்டு, பாதி மண்ணோடு விருத்தாசலத்துக்கு ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. பெரியாஸ்பத்திரியில் எலும்பு இரண்டாக உடைந்திருக்கிறது என்று கட்டுப் போட்டார்கள்.

அங்கிருந்து பாதி மண்ணைக் கொட்டப் போனபோது பட்டறை வாசலில் முதலாளி நின்றிருந்தார். விவரத்தைக் கேட்டுவிட்டு வருத்தப்பட்டார், ஆஸ்பத்திரிச் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கெட்ட மனுஷர் என்று அவரைச் சொல்ல முடியாது. பிறகு வண்டியின் பின்புறம் போய்ப் பார்த்தார். மிச்ச மண்ணை எப்போது ஏற்றி வருவாய் என்று கேட்டார்.

எனக்கு அப்போது கோபம் வந்ததாக நினைவில்லை. அலுப்புதான் இருந்தது. சக்கரத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் பேசினேன்.

"இன்னும் ஆள் போடுங்க. பலகைய நீளமா, சாய்ப்பா போடுங்க. அது வரைக்கும் பழைய வண்டி அளவுக்குத்தான் நான் ஏத்தி வருவேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பழைய அளவுக்குத்தான் ஏத்துவேன்னா, பழைய வண்டியவே ஓட்டு."

சாவியை அவர் கையில் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது மனைவி என் தோளைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணுக்குக் கை சரியாயிடுமாமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள், பழைய வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த அந்த இளையவன் புது வண்டியை எடுத்துக்கொண்டு போனான். போனவன் வெறும் வண்டியோடு திரும்பி வந்தான். பெண்கள் சட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். பழைய வண்டியோடு நான் போனபோது எழுந்து ஏற்றினார்கள். புது வண்டி வந்தால் உட்கார்ந்துகொண்டார்கள். பெரிய சத்தமோ சண்டையோ கிடையாது. பட்டறைகளில் களிமண்ணுக்குத் தட்டுப்பாடு வந்து, அச்சு வார்ப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கியதும் முதலாளி இறங்கி வந்தார். கூடுதலாக ஆள் வந்தது. நீளமான பலகையும் வந்தது, வழுக்காமல் இருக்கக் குறுக்கே கட்டைகள் அறைந்தது. புது வண்டி மறுபடியும் நிரம்ப நிரம்பப் போகத் தொடங்கியது. அதை ஓட்டியவன் நான் இல்லை, அவ்வளவுதான்.

கை உடைந்தவள் தை பிறந்த பிறகு வேலைக்கு வந்தாள். அந்தக் கையை அவளால் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. கீழே நின்று மண்வெட்டியால் சட்டி நிரப்பும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். என்னைப் பார்த்தால் தலையசைப்பாள். அண்ணிக்காரி மட்டும் ஒருமுறை, ஏன் சாவியைக் கொடுத்தீங்க, எங்க கூடவே உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் அந்த வண்டி மிஞ்சியிருக்குமே என்று கேட்டாள். அப்போது எனக்கு உட்காரத் தோன்றவில்லை, வீட்டுக்குப் போகத்தான் தோன்றியது என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

அந்தப் பழைய வண்டியை இன்னும் சில வருஷம் ஓட்டினேன். பிறகு அதை இரும்புக்கு விற்றார்கள். இளையவன் துபாய்க்கு விசா கிடைத்துப் போய்விட்டதால் டீசல் லாரி திரும்ப என்னிடமே வந்தது. அதற்குள் என் இடது தோள் இறங்கிப்போயிருந்தது. முதல் நடைக்குப் போனபோது மண்மேட்டில் பாதி முகங்கள் புதியவை. வண்டியைப் பின்னுக்கு ஓட்டி நிறுத்தினேன். அவர்கள் பலகையைச் சாய்த்தார்கள். நான் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சட்டியாக மண் விழும் சத்தத்தைக் கேட்டபடி கிடந்தேன்.