ரேயால் கோத்ரோனும் இருபது விநாடியும்

"ஏண்டா ரேயால், உன் மாட்டுக்கு எத்தனை காலுன்னு சொல்றதுக்கும் டொரொண்டோவுக்குப் படம் அனுப்பிக் கேப்பியா?"

கேட்டவர் டிராக்டர் பழுதுபார்க்கும் ஜில். ஊர் ஹாக்கி அரங்கத்துச் சிற்றுண்டிக் கடையே சிரித்தது. ரேயால், குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலான பூட்டின் இருந்த தன் தட்டிலிருந்து நிமிராமல் சொன்னார்.

"நாலுன்னுதான் சொல்லுவேன். படத்துல மூணுன்னு தெரிஞ்சா கொட்டகைக்குப் போய் இன்னொரு தடவை எண்ணுவேன்."

"எண்ணிட்டு?"

"மாட்டு டாக்டரைக் கூப்பிடுவேன்."

கல்லாவில் நின்ற மோனிக்குக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "ரேயால் சரியாத்தான் சொன்னான். அந்த வீடியோ ரூம்காரங்கதான் நம்ம ஜெயிப்பைப் பிடுங்கிட்டாங்க." என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, நீயும் அந்த ரூம்லதானே இருந்தே? கேமராவுக்கு முன்னாடி ஒரு தட்டு பூட்டினை நீட்டி மறைச்சிருக்கக் கூடாது?"

நான் காப்பிக்குச் சர்க்கரை எடுக்கத் திரும்பினேன்.

"கால் வெளியிலதான் இருந்துச்சு, மோனிக்" என்றார் ரேயால். "அவங்க சொன்னதுதான் சரி."

"அது கிடக்கட்டும்" என்றார் ஜில். "இறுதி ஆட்டத்துக்கு உன்னைக் கூப்பிட்டாங்களா?"

"காலைல பட்டியல் வந்துச்சு. என் பேர் இல்ல."

ஜில் தன் தட்டை மெதுவாக ரேயால் பக்கம் தள்ளி வைத்தார். அன்று அதற்குமேல் யாரும் அவரைச் சீண்டவில்லை.

வினிபெக்கை அடுத்த எங்கள் ஊர் லா ப்ரோக்கரியில் ரேயால் கோத்ரோனுக்கு ஐம்பத்தெட்டு கறவை மாடுகள். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் வார இறுதிகளில் மைத்துனியிடம் கொட்டகையை விட்டுவிட்டு, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையைப் பெட்டியில் வைத்து விமானம் ஏறுவார். எங்கள் கால்பந்தில், பந்தைக் கையில் பிடித்து ஓடும் அந்த ஆட்டத்தில், அவர் எல்லைக்கோட்டு நடுவர். அவரோடு நிற்பவர்களில் ஒருவர் கணக்கு ஆசிரியர், இன்னொருவர் தீயணைப்பு வீரர். தொழில்முறை ஆட்டத்தைப் பகுதிநேர ஆட்கள் நடத்துகிறார்களே என்று வானொலியில் கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்காரர்கள் திங்கள்கிழமை காலையில் ரேயாலின் கொட்டகைக்கு வந்து பார்க்க வேண்டும். அவர் கொடுத்த ஒவ்வொரு தீர்ப்பின் படமும் போட்டி நிர்வாகத்திடமிருந்து மதிப்பெண்ணோடு வரும். பால் கறக்கும் இயந்திரம் ஓடும்போது, ஆணியில் மாட்டிய பலகைக் கணினியில், தப்பானதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்.

பதினேழு வருடம் அப்படி நின்றவருக்கு இறுதி ஆட்டம் மட்டும் கிடைத்ததில்லை. இந்த வருடம் அவர் மதிப்பெண் எல்லோருக்கும் மேலே இருந்தது. பாக்கி இருந்தது அரையிறுதி ஒன்றுதான்.

வினிபெக்கில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கடைசி நிமிடம், எங்கள் வினிபெக் அணி மூன்று புள்ளி பின்னால். கோல் பகுதியின் மூலையில் எங்கள் ஆட்டக்காரன் ஒருவன் எகிறிப் பந்தைப் பிடித்தான். எங்கள் ஆட்டத்தில் ஒரு கால் கோட்டுக்குள் பட்டால் போதும். புள்ளி உண்டு என்று ரேயால் இரண்டு கைகளையும் உயர்த்தினார். அரங்கமே எழுந்து நின்றது.

ஆட்ட நாட்களில் டொரொண்டோவின் மறுபார்வை அறையில் எனக்கு மூன்றாவது நாற்காலி. சரியான கேமராவின் படத்தைத் தேடித் தீர்ப்பாளர் திரைக்கு அனுப்புவது என் வேலை. முதல் இரண்டு கேமராக்களிலும் ஆட்டக்காரனின் உடம்பு காலை மறைத்தது. மூன்றாவதைக் கேட்டு வாங்கினேன். வெள்ளைக் கோட்டின் மேல் கால் கட்டைவிரல் நுனி; கோட்டைத் தொட்டாலே வெளியேதான். ஒரு விரல் அகலம், அவ்வளவுதான்.

மறுபார்வைக்கு ஒதுக்கிய நேரம் முடிவதற்குள் தெளிவான படம் கிடைக்காவிட்டால், களத்தில் சொன்னதே நிற்கும். படம் என் திரையில் இருந்தது. அதில் கைகளை உயர்த்தியபடி நிற்பது எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் என்பதும், அந்தக் கைகள் இறங்கினால் என்ன போகும் என்பதும் எனக்குத் தெரியும்.

அனுப்பினேன். தீர்ப்பு மாறியது. எங்கள் அணி தோற்றது.

ஆட்ட அறிக்கையில் ரேயால் இரண்டே வரி எழுதியிருந்தார்: "காலைப் பார்ப்பதற்கு முன் பந்தைப் பார்த்துவிட்டேன். தவறு என்னுடையது." பனியைச் சாக்காகச் சொல்லியிருக்கலாம், யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அறிக்கையில் பனி என்ற சொல்லே இல்லை. எங்கள் அறையில் அதைப் படித்தபோது, அவர் எங்கள் ஊர்க்காரர் என்று எல்லோரிடமும் சொன்னேன். நான் அப்படி எதுவும் சொல்கிறவள் இல்லை.

அன்று சிற்றுண்டிக் கடையிலிருந்து கிளம்பியபோது, தன் வண்டியருகே எனக்காக நின்றார். எங்கள் அறையில் பேச்செல்லாம் ஆங்கிலம். அவர் என்னோடு எப்போதும் பிரெஞ்சில்தான் பேசுவார்.

"உங்க ரூம் பேச்சோட ஒலிப்பதிவும் மதிப்பெண்ணோட வந்துச்சு. காலைல கறவை நேரத்துல கேட்டேன். மூணாவது கேமராவைக் கேட்டே. வந்துடுச்சுன்னு யாரோ சொல்றாங்க. அப்புறம் இருபது விநாடி உன் சத்தத்தையே காணோம்."

"ஆமா" என்றேன்.

"நாந்தான்னு பாத்தியா?"

"ஆமா, ரேயால். உங்களுக்கு அந்த இறுதி ஆட்டம்..."

"தெரியும்மா." கையுறையை மாட்டிக்கொண்டார். "அடுத்த வருஷமும் அந்தக் கோட்டுலதான் நிப்பேன். உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். படம் கிடைச்சதும் குடுத்துடு. அந்த இருபது விநாடியை எனக்காக வெச்சுக்காதே."