பேச்சியம்மாள் திறக்க வைத்த கதவு

என் எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில்தான் மாலை வகுப்பில் எழுதப் பழகினேன். ஒரு வரி முடிவதற்குள் விரல் கடுக்கிறது. இருந்தாலும் நம் வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகைக்கு இதை நானே எழுதுவேன் என்று கேட்டு வாங்கினேன். பேச்சியம்மாள் என்ற பெயரை என் கையால் எழுதிப் பார்த்ததில் பெரிய சந்தோஷம். காட்டுவதற்குத்தான் அவர் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆடுகளை ஓட்டிக்கொண்டு புறப்பட்டபோது டீக்கடைக்காரர் எதிரே ஓடி வந்தார். "அண்ணாச்சி, பேச்சி ஆச்சி போயிட்டாவ. தூக்கத்துலயே போயிட்டாவளாம்."

அவர் எனக்கு மதினி முறை. என் மனைவி காலமான பிறகு பகலில் நான் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

கீழப்பாவூருக்கு மேற்கே செம்மண் தரிசாகக் கிடந்த செவக்காட்டில் இருவரும் ஆடு மேய்த்தோம். நிலத்துக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள், யாரும் தடுத்ததில்லை. பிறகு சோலார் கம்பெனி வந்தது. பட்டா வைத்திருந்தவர்களுக்குக் குத்தகை கிடைத்தது. எங்களுக்குக் கம்பிவேலி கிடைத்தது. அளக்க வந்த அதிகாரியிடம் முறையிட்டோம்.

"உங்க பேர்ல பட்டா இருக்கா?" என்றார்.

"ஆட்டுக்கு ஏதுய்யா பட்டா?" என்றார் மதினி. அதிகாரி சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். அங்கே விளைந்த கரண்டு எங்கள் தலைக்கு மேலே பெரிய கம்பியில் போனது. எங்கள் தெருவில் பழையபடி சாயங்காலம் விளக்கு மங்கியது.

ஒரு மழை பெய்ததும் சோலார் பலகைகளுக்கு நடுவே புல் வளர்ந்து வெயிலை மறைத்தது. கம்பெனி ஆள் வைத்து வெட்டியது. மதினி வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு மேனேஜரிடம் சொன்னார்: "புல்லு வெட்டக் கூலி குடுக்கிய. எங்க ஆடு சும்மாவே வெட்டுமே."

"ஆடு பலகை மேல ஏறி ஒடச்சிரும், ஆச்சி."

மதினி வீட்டுக்குத் திரும்பினார். அடுத்த சந்தையில் தம் வெள்ளாடுகள் எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் செம்மறிகளோடு வந்தார். எனக்குக் கோபம் வந்தது. "மதினி, புத்தி கெட்டுப்போச்சா? நல்ல பால் ஆட்டையெல்லாம் வித்துட்டு வந்திருக்கிய!"

"செம்மறி குனிஞ்ச தல நிமிராது, கொழுந்தனாரே. அது பலகையில ஏறுச்சுன்னா என் காத அறுத்துக்கிடும்."

அவர் காது தப்பியது. மேனேஜர் கதவைத் திறந்தார். "எனக்கு மட்டும்னா வேண்டாம். இந்தக் கொழுந்தனாரும் வருவாரு" என்று என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டார். நானும் செம்மறிக்கு மாறினேன்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் எங்களுக்கும் சாரல் வரும். பலகைக்கு அடியில் ஒண்டிக்கொண்டு, "ஊரே ஐந்தருவிக்குப் போவுது. நமக்கு வீடு தேடி வருது பாரும்" என்பார்.

எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும், வேலிக் கதவில் தொங்கிய அறிவிப்புப் பலகையைத்தான் முதலில் அவருக்குப் படித்துக் காட்டினேன்: அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது. இத்தனை காலம் அதைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறோம். எனக்குப் பயமாகிவிட்டது.

மதினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆட்டுக்குப் படிக்கத் தெரியாதுல்லா. எனக்கும் தெரியாது. நீருதான் படிச்சிட்டீரு. நீரு வெளிய நில்லும்!"

காரியம் முடிந்த மறுநாள் என் ஆடுகளோடு அவருடைய ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு போனேன். கதவு பூட்டியிருந்தது. புது மேனேஜர் மரியாதையாகத்தான் சொன்னார்: "அந்த ஆச்சி முகத்துக்காக விட்டது, அண்ணாச்சி. எழுத்துல ஒண்ணுமில்ல. மேல கேட்டுட்டு அடுத்த வாரம் சொல்லுதேன்." ஆடுகளை விற்றுவிடுங்கள் என்று திருப்பூரிலிருந்து மதினியின் மகன் சொல்கிறார். அடுத்த வாரம் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அவருடைய ஆடுகள் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் புல்லைப் பார்த்து நின்றன. கூப்பிட்டேன். என் குரலுக்கு ஒன்றும் திரும்பவில்லை.

போய் வாருங்கள், மதினி. நீங்கள் சொன்னபடியே நான் வெளியே நிற்கிறேன். கதவைத் திறந்தார்களா என்று அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆடுகளிடம் நின்று சத்தமாகப் படிக்கிறேன்.