குங்குமம் வைத்த இடமெல்லாம் பாயிண்ட்

வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன மகராசன் காலத்தில் கரண்ட் இருந்திருக்காது. இருந்திருந்தால் வீட்டைக் கட்டிப் பார், வயரிங் பண்ணிப் பார் என்று சொல்லிவிட்டு, கல்யாணத்தை விட்டிருப்பான். கல்யாணத்தில் இலைக்கு இவ்வளவு என்று பேசினால் வந்த தலைகளை எண்ணிக் கொடுத்துவிடலாம். வயரிங்கில் பாயிண்டுக்கு இவ்வளவு. லைட் ஒரு பாயிண்ட், ஃபேன் ஒரு பாயிண்ட், பிளக் ஒரு பாயிண்ட். ஏசி என்றால் மெயின் போர்டிலிருந்து அதற்கென்று தனியாகத் தடி ஒயர் இழுக்க வேண்டும். அந்த ஒன்றின் செலவில் நாலைந்து சாதாப் பாயிண்டை முடித்துவிடலாம்.

எனக்கு வேண்டியது சமையல்கட்டில் ஐந்து பிளக். ஆசைக்கு இல்லை, பிழைப்புக்கு. கேளம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சுற்றியுள்ள ஃபிளாட்டுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமையல்கட்டில் இருந்தது ஒரே பிளக். கிரைண்டர் போடணும் என்றால் ஃப்ரிட்ஜைப் பிடுங்கணும். திரும்பச் சொருக மறந்தேனோ போச்சு, மாவு புளித்துப் பொங்கி வழியும். ஐ.டி. பிள்ளைகள் வாசலில் நின்று, "ஆன்ட்டி, இது ஆப்ப மாவா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, மறுநாள் முதல் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போன வாடிக்கை கொஞ்சநஞ்சம் இல்லை. அதனால் செங்கல்பட்டில் திருக்கழுக்குன்றம் ரோட்டுப் பக்கம் வீடு ஆரம்பித்தபோது நான் மார்பிளும் கேட்கவில்லை, மாடியும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் காலேஜ் பஸ் டிரைவர். நாள் முழுக்க எஞ்சின் சூட்டில் வெந்துவிட்டு வருகிற மனுஷன். அவர் கேட்டது படுக்கை அறையில் ஒரு ஏசி. "மெஷின் அப்பறமா வாங்கிக்கலாம். பாயிண்ட் மட்டும் இப்பவே வச்சிடணும்" என்பார். அதில் மட்டும் ஆளை அசைக்க முடியாது.

எலக்ட்ரீஷியன் அச்சரப்பாக்கத்துக்காரர், என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதர். பூசாத செங்கல் சுவர்களைக் காட்டி, "அக்கா, எங்கெங்க வேணுமோ அங்க ஒரு குறி வச்சிடுங்க. நான் வந்து வெட்டிப் பெட்டி பதிச்சுடறேன்" என்று சொல்லிவிட்டு வேறொரு வேலைக்குப் போய்விட்டார். நான் காவிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, விரலால் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். சமையல்கட்டில் ஐந்து. பின்னாலேயே எண்ணிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர், துண்டை நனைத்து அந்த ஐந்தில் மூன்றைத் துடைத்தார்.

"மாவு அரைக்க ரெண்டு போதாதா?"

"உங்களுக்கு ஜன்னலைத் திறந்து வச்சா போதாதா?"

"அத இன்னாத்துக்கு இழுக்கற?"

இந்தப் பஞ்சாயத்து முடிவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. டிரைவர் வீட்டு ஆயுத பூஜையைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது. ஸ்டியரிங்குக்குப் பொட்டு, ஜாக்கிக்குப் பொட்டு, சாப்பாட்டுத் தூக்குக்கும் பொட்டு. இந்த வருஷம் கூடவே ஒரு வீடு வேறு. பஸ்ஸுக்குப் பூசணிக்காய் உடைத்த கையோடு இங்கே வந்தவர், கொத்தனார் கரண்டியில் ஆரம்பித்தார். சல்லடை, ஏணி, அப்புறம் சுவர்கள். சந்தனம் பாதியிலேயே தீர்ந்துபோச்சு. மனுஷன் விடுவாரா? குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து மாடிப்படி, பரண், ஒவ்வொரு ஜன்னல் ஓரம், தண்ணீர்த் தொட்டி என்று பக்தியோடு சுற்றி வந்தார். கக்கூஸ் மட்டும்தான் தப்பித்தது. நான் பொரி கட்டிக்கொண்டிருந்தேன், அவர் வைத்த பொட்டும் நான் வைத்த குறியும் ஒரே மாதிரி இருப்பது எனக்கும் உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் போய்ப் பார்த்தால், வீடு அம்மை வார்த்த மாதிரி நிற்கிறது. திரும்பின பக்கமெல்லாம் சதுரப் பள்ளம். எலக்ட்ரீஷியன் நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்த, மொத்தம் வெட்டியாச்சு. கையே வுட்டுப்போச்சு."

"பரண்ல இன்னாத்துக்குடா பாயிண்ட்?"

"நீங்கதான குறி வச்சீங்க? தொட்டிலகூட வச்சிருந்தீங்களே, மீன் வளக்கப் போறீங்கன்னு நெனச்சேன்."

நான் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. வெட்டினதற்குக் கூலி கொடுக்கணும், வெட்டினதை அடைக்கவும் செலவு பண்ணணும். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். யோசித்த மூளைக்குக் கிடைத்தது என் சமையல்கட்டுதான்.

"அங்க ஒண்ணு போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கித் தரேன், சமாளி."

"பொட்டு வச்சது நீங்க. தண்டம் எனக்கா?"

அதோடு பேச்சை நிறுத்திவிட்டேன். தட்டை வைப்பேன், சோற்றைப் போடுவேன், நகர்ந்துவிடுவேன். சொந்த வீட்டுக்குப் போயும் ஃப்ரிட்ஜைப் பிடுங்கித்தான் மாவு அரைக்கணும் என்றால், எதற்கு இந்தக் கடனும் உடனும்?

நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் கம்மலை அடகு வைத்தாவது நானே எலக்ட்ரீஷியனிடம் பேசி முடித்துவிடுகிறேன் என்று பஸ் ஏறினேன். கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உள்ளே போனால், சமையல்கட்டில் வரிசையாக ஐந்து பள்ளம். ஐந்திலும் பைப் இறக்கி ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் யார் வைக்கச் சொன்னது?" என்று கேட்டேன்.

"அண்ணாத்ததான். ஏசி ஒயர் வாணாம், அந்தத் துட்ட சமையல்கட்டுல போடுன்னாரு. எங்க வெட்டறதுன்னு கேட்டேன். தொடச்ச எடத்துல காவி லேசாத் தெரிஞ்சிது, அது மேலயே வெரல வச்சிக் காட்டினாரு" என்றார் எலக்ட்ரீஷியன்.

படுக்கை அறையில் என் வீட்டுக்காரர் பலகை மேல் ஏறி நின்று, ஏசிக்காக வெட்டியிருந்த பள்ளத்தைச் சிமெண்ட் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். லீவு போட்டது எனக்குத் தெரியாது. பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. திட்ட வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன்.

நான் நிற்பது தெரிந்தும் அவர் திரும்பவில்லை. கரண்டியால் சிமெண்டை வழித்துக்கொண்டே, "இந்த ரூம்புல நல்லாக் காத்து வருது. மகாபலிபுரத்துக் கடல் காத்து நேரா இங்கதான் அடிக்குது. ஏசில்லாம் தெண்டம்" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம் நின்றது, ஓர் இலைகூட அசையவில்லை. அவர் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. எதிர்த்துப் பேசியே பழகின வாய் எனக்கு.

"ஆமாங்க, நல்ல காத்துதான்" என்றேன்.